அன்று வீட்டில் இருந்தவர்கள்

ஃப்ரீமான்ட்
ஆகஸ்ட் 19, 2025

அன்புள்ள செல்வி,

நீயும் யாழினியும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா என்று மெசேஜ் போட்டேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதோடு சரி. இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. வாட்ஸ்அப்பில் எழுதினால் ஹாலில் கிடக்கும் ஐபேடில் எல்லாமே தெரிகிறது, குழந்தைகள் கண்ணில் பட வேண்டாம் என்று பார்த்தேன். போனில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மூன்று தடவை உன் நம்பரை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

நீ இருந்த பத்து நாளும் எனக்குப் பிளெய்ன்ஸ்பரோவில் எதிரெதிர் வீட்டில் இருந்த மாதிரியே இருந்தது. ஒரே ஸ்ட்ரோலரை இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தள்ளினோமே, அந்த நாட்கள். வரலட்சுமி நோன்புக்கு முப்பத்திரண்டு பேர் வந்தார்கள். எல்லோரும் இன்னும் உன் கொழுக்கட்டையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். "அந்த நியூ ஜெர்ஸி ஃப்ரெண்ட் கேட்டரிங் பண்றாளா?" என்றுகூட ஒருத்தி கேட்டாள்.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மனுக்குச் சாத்தியிருந்த காசுமாலையைக் காணோம். என் கல்யாணத்துக்கு அம்மா போட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை இந்த நோன்புக்குத்தான் பேங்க் லாக்கரிலிருந்து வெளியே வரும். வெள்ளிக்கிழமை முழுக்க அம்மன் கழுத்தில் இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் நாம் இரண்டு பேரும் ஆரத்தி எடுத்தோம். நகைகளைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன், கலசத்தை வழக்கம்போல அரிசி டிரம்மில் இறக்கினேன். ஞாயிறு காலை நீ கிளம்பினாய். திங்கட்கிழமை லாக்கருக்கு எடுத்துப்போகப் பெட்டியைத் திறந்தால் மற்றதெல்லாம் இருக்கிறது, காசுமாலை மட்டும் இல்லை.

செல்வி, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. என் மாம்பழக் கலர் புடவையை உனக்குக் கொடுத்தேன் அல்லவா, அதன் மடிப்பில் ஏதாவது சிக்கி உன் பெட்டிக்குள் வந்திருக்குமோ என்று ஒரு எண்ணம். அவசரத்தில் நடக்கக்கூடியதுதானே. ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லேன். இல்லையென்றாலும் பரவாயில்லை. எனக்கு எதையும் சரியாக யோசிக்க முடியவில்லை.

உன்
வைதேகி

பிளெய்ன்ஸ்பரோ
ஆகஸ்ட் 27, 2025

வைதேகிக்கு,

உன் கடிதம் வந்தது. நான் பெட்டியைப் பார்க்க மாட்டேன் என்று ஒரு நாள் முழுக்க வீராப்பாக இருந்தேன். அடுத்த நாள் பார்த்தேன். பெட்டியைக் கவிழ்த்து, புடவையை உதறி, யாழினியின் சாக்ஸைக்கூடத் திருப்பிப் பார்த்தேன். என் பெட்டியில் நானே திருட்டுப் பொருளைத் தேடினேன் என்பதை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. சபரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னத்தத் தேடுத?" என்று கேட்டார். அழுதுவிட்டேன்.

ஒன்றும் இல்லை. உன் காசுமாலை என்னிடம் இல்லை.

அன்று முப்பத்திரண்டு பேர் வந்தார்கள் என்கிறாய். அவர்களில் எத்தனை பேரிடம் இந்தக் கடிதத்தை எழுதினாய்? அந்த டெஸ்லா டாக்டர் அம்மா அம்மன் முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்து செல்ஃபி எடுத்தாரே, அவரிடம் "உங்க ஹேண்ட்பேக்ல தப்பித்தவறி வந்திருக்கா பாருங்க" என்று கேட்டாயா? மாட்டாய். எனக்குத் தெரியும். நான் விருந்தாளியாக வந்து, மூன்று நாள் உன் அடுப்படியில் பூரணம் கிளறியவள். வாடகை வீடு, காண்ட்ராக்டில் வேலை பார்க்கும் புருஷன், டேகேரில் டயப்பர் மாற்றும் சம்பளம். என்னைக் கேட்பது சுலபம்.

கேட்க வேண்டுமென்றால் உன் வீட்டைத் துடைக்க வருகிறாளே யெசெனியா, அவளைக் கேள். சனிக்கிழமை முழுக்க அவளும்தான் அங்கே இருந்தாள். அவளை விட்டுவிட்டு மூவாயிரம் மைல் தள்ளி இருக்கிறவளுக்குக் கடிதம் எழுதுகிறாய்.

புடவையைத் திருப்பி அனுப்பலாம் என்று எடுத்து வைத்தேன். யாழினி அதைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் ஆடினாள். அதனால் அனுப்பவில்லை.

தாமரைச்செல்வி

ஃப்ரீமான்ட்
செப்டம்பர் 9, 2025

அன்புள்ள செல்வி,

என்னைத் திட்டு. திட்ட உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் உன்னைச் சந்தேகப்பட்டேன் என்று மட்டும் சொல்லாதே. சந்தேகம் வேறு, கேட்டுப் பார்ப்பது வேறு. அப்படித்தான் நினைத்து எழுதினேன். இப்போது திருப்பிப் படித்தால் எனக்கே இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நீ எழுதியது மண்டையைக் குடைந்தது. யெசெனியாவைக் கேட்டேன். நேராகக் கேட்கவில்லை. "மஞ்சளா, காசு காசா ஒரு செயின் பாத்தியா?" என்று போனில் படம் காட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு நன்றாகப் பார்த்தாள். "நோ மிஸ். வெரி பியூட்டிஃபுல்" என்றாள். அந்த வெரி பியூட்டிஃபுல் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்று மெசேஜ் போட்டுவிட்டேன். லேடீஸ் குரூப்பில் அவள் பெயரைச் சொல்லவில்லை, வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் விஷயத்தில் எல்லோரும் ஜாக்கிரதையாக இருங்கள் என்று பொதுவாகத்தான் போட்டேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் அவள்தான் போகிறாள் என்பது போட்ட பிறகுதான் உறைத்தது.

நகைக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. போலீஸ் ரிப்போர்ட் இல்லாமல் கிளெய்ம் கிடையாதாம். ராம் இரண்டு ஃபாரத்தையும் நிரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம் வீட்டில் தங்கியிருந்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள் பெயரெல்லாம் எழுதச் சொல்லி இரண்டிலும் ஒரு கட்டம். "செல்வி பேர எதுக்கு எழுதறேள்?" என்றேன். "இருந்தாளா இல்லையா? இருந்தவாளைத்தானே கேக்கறான். இது வெறும் ஃபார்மாலிட்டி வைதேகி" என்றார். விருந்துக்கு வந்த முப்பத்திரண்டு பேரையும் எழுதவில்லை. கட்டத்தில் இடம் இல்லை என்றார்.

இன்னொரு கூத்து. ஷ்ரேயஸுக்கு ஸ்கூலில் ஒரு ப்ராஜெக்ட். வருமான வித்தியாசம் அதிகமாக இருக்கும் ஊரில் திருட்டு அதிகமா என்று புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு போட்டுக் காட்டினான். "இட்ஸ் நாட் தி புவர் பிளேசஸ், அம்மா. இட்ஸ் வேர் ரிச் அண்ட் புவர் லிவ் க்ளோஸ்" என்றான். நம் வீட்டுக்குள் அப்படி யாருடா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெல்... செல்வி ஆன்ட்டி?" என்றான். ஓங்கி ஒன்று வைக்கலாம் போல வந்தது. ஆனால் அதே எண்ணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யாரைக் கேட்பது?

உன்
வைதேகி

பிளெய்ன்ஸ்பரோ
அக்டோபர் 3, 2025

வைதேகிக்கு,

உன் ஃபார்மாலிட்டி நேற்று முன்தினம் நான் வேலை செய்யும் டேகேருக்கு வந்தது.

காலை பத்தரை மணி. நான் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு ஸ்நாக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மொபைலை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அது எங்கள் ரூல். மொபைலில் எடுக்கவில்லை என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி விசாரணை ஆள் டேகேர் ஆபீஸ் நம்பருக்கே போட்டுவிட்டார். யார் பேசுகிறீர்கள் என்று கேட்டதற்கு, கலிஃபோர்னியாவில் ஒரு நகைத் திருட்டு சம்பந்தமாக என்று டைரக்டரிடமே சொல்லியிருக்கிறார். அந்தம்மா என்னைக் கூப்பிட்டுத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, கதவை மூடாமல் வெளியே நின்றார்.

நாற்பது நிமிஷம், வைதேகி. மரியாதையாகத்தான் பேசினார். புருஷனுக்கு என்ன சம்பளம், கிரெடிட் கார்டில் எவ்வளவு பாக்கி, ஆகஸ்டுக்குப் பிறகு ஏதாவது பெரிதாக வாங்கினீர்களா, டிக்கெட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது. அந்த டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தது நீதான் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசியது. சொன்னேன். "ஸோ ஷி பேய்ஸ் ஃபார் யூ" என்று எழுதிக்கொண்டார்.

டைரக்டர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. விஷயம் தெளிவாகும்வரை வீட்டில் இருங்கள் என்றார், சம்பளம் இல்லாமல். குழந்தைகளோடு வேலை செய்கிற இடம், அவர்களுக்கும் பயம் இருக்கும். எங்கள் கிரீன் கார்டு அப்ளிகேஷன் கடைசிக் கட்டத்தில் நிற்கிறது. பதிமூன்று வருஷமாகக் காத்திருக்கிறோம். லாயரைக் கேட்டோம். "நத்திங் டு வொர்ரி, ஆனா உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு எழுத்துல ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க" என்றார். அவர் கவலைப்படாதீர்கள் என்று சொன்னதிலிருந்து சபரி தூங்கவில்லை.

உன் மகனின் படத்தில் நான் எந்தப் புள்ளி என்று கேட்டுச் சொல். நீ எந்தப் புள்ளி? ஆகஸ்டில் கடையில் நாமே பில் போட்டுக்கொள்ளும் மிஷினில் ஆர்கானிக் ஆப்பிளைத் தராசில் வைத்துவிட்டு, சாதா வாழைப்பழத்தின் நம்பரைத் தட்டினாயே, நாலாயிரத்துப் பதினொன்று. "எல்லாரும் பண்றதுதான்டி" என்று கண்ணடித்தாய். நானும் சிரித்தேன். பிளெய்ன்ஸ்பரோவில் கையில் காசில்லாமல் இருந்தபோது அதையே நீ செய்தாய், எனக்குப் புரிந்தது. இப்போது உன் வீட்டு கராஜில் இரண்டு கார் நிற்கிறது, இப்போதும் செய்கிறாய். அதற்குப் பெயர் விளையாட்டு. நான் செய்திருந்தால் அதற்குப் பெயர் என்ன?

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். அமெரிக்காவிலாவது ஏறும் என்று நினைத்தேன். போன் பண்ணாதே, நான் எடுக்க மாட்டேன்.

தாமரைச்செல்வி

ஃப்ரீமான்ட்
நவம்பர் 18, 2025

செல்வி,

தீபாவளிக்கு நான் எழுதிய இரண்டு வரிக்கு நீ பதில் போடவில்லை. இதற்காவது போடு. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அப்படியே சொல்லிவிடுகிறேன். காசுமாலை கிடைத்துவிட்டது.

அரிசி டிரம்மில் இருந்தது.

ராமுக்குச் சர்க்கரை ஏறியதிலிருந்து இந்த வீட்டில் யாரும் அரிசி தொடுவதில்லை. குழந்தைகளுக்குப் பாஸ்தா, எங்களுக்குத் தினை, சாமை. டிரம் நோன்புக்குத் திறந்ததோடு சரி. வண்டு வந்துவிட்டது, பேன்ட்ரி முழுக்கப் பறக்கிறது. நேற்று தூக்கிக் குப்பைத் தொட்டியில் கொட்டினேன். கடைசிப் படி அரிசியோடு சலங் என்று விழுந்தது. கலசத்தை டிரம்மில் இறக்கினபோது கழுத்தில் கிடந்ததைக் கழற்றாமலே இறக்கியிருக்கிறேன். மற்ற நகைகளைக் கழற்றும்போது அம்மனுக்குக் கட்டிய பட்டுத்துணி சரிந்து அதை மூடியிருந்ததால் கண்ணில் படவில்லை. அரிசிக்குள் அழுத்தி வைத்து, மறுநாள் கலசத்தை வெளியே எடுத்தபோது நழுவி உள்ளேயே தங்கியிருக்கிறது. நான் மற்ற நகைகளைப் பெட்டியில் வைத்துவிட்டு, அதையும் வைத்ததாகவே மூன்று மாதம் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

குப்பைத் தொட்டி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் வீட்டு டிரம்மாக இருந்தால் பத்து நாளில் தெரிந்திருக்கும்.

ராமிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை. இன்ஷூரன்ஸ் பணம் போன மாதமே வந்துவிட்டது. ஷ்ரேயஸின் காலேஜ் அப்ளிகேஷனுக்கு வழி சொல்கிற ஆளுக்கு மொத்தமாகக் கட்டியாகிவிட்டது. "இப்ப போய் கிடைச்சுடுத்துன்னு சொன்னா ஃப்ராடுன்னு நம்ம மேலயே திருப்புவான். என் பொசிஷன்ல இதெல்லாம் ஒரு பேக்ரவுண்ட் செக்ல வந்தா என்ன ஆறது? அந்தக் கம்பெனிக்கு இது கொசுறு. கம்முனு இரு" என்றார். உன்னைப் பற்றிக் கேட்டேன். "அவளை யாரும் அரெஸ்ட் பண்ணலையே" என்றார்.

நல்லவர்தான் செல்வி, உனக்குத் தெரியும். பயப்படுகிறார். எனக்கும் பயமாக இருக்கிறது. கிடைத்தது நல்லதா கெட்டதா என்றே விளங்கவில்லை. நான் என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல்.

உன்
வைதேகி

பிளெய்ன்ஸ்பரோ
நவம்பர் 25, 2025

வைதேகிக்கு,

என்னிடமே கேட்கிறாயா?

போய்ச் சொல். அவ்வளவுதான். போலீஸிடமும் சொல், அந்த இன்ஷூரன்ஸ் ஆளிடமும் சொல். எனக்கு ஒரு காகிதம் வாங்கி அனுப்பு. நான் வீட்டில் உட்கார்ந்து எட்டு வாரம் ஆகிறது. சபரி வார இறுதியில் சாப்பாட்டு டெலிவரி ஓட்ட ஆரம்பித்திருக்கிறார். அவர் விசாவில் அது கூடாது. வேறொருவர் பெயரில் ஓட்டுகிறார். கேட்டாயா வேடிக்கையை? திருடாதவள் வீட்டில் இப்போதுதான் சட்டத்தை மீற ஆரம்பித்திருக்கிறோம்.

தாமரைச்செல்வி

ஃப்ரீமான்ட்
டிசம்பர் 4, 2025

அன்புள்ள செல்வி,

நீ எழுதியதைப் படித்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. ராமோடு பெரிய சண்டை. ஜனவரி வரைக்கும் பொறு, ஷ்ரேயஸ் அப்ளிகேஷன் முடியட்டும், அப்புறம் லாயரைக் கேட்போம் என்கிறார். அதுவரை மாலையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம், லாக்கரிலும் வேண்டாம், இந்தியா போகும்போது அழித்துவிடலாம் என்கிறார். அம்மா போட்ட மாலையை அழிக்க எனக்கு மனசு வரவில்லை.

இதோடு வரும் பார்சலைத் திறந்து பார். ஸ்வீட் டப்பாவுக்குள் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். அது உனக்கு. உன் சம்பளம் போனதற்கு, அந்த நாற்பது நிமிஷத்துக்கு. போட்டுக்கொள், விற்றுக்கொள், யாழினிக்கு வை, உன் இஷ்டம். என்னால் இப்போதைக்கு முடிந்தது இதுதான். ராமுக்குத் தெரியாது. உன் கழுத்தில் கிடந்தால் எனக்கு மனசு ஆறும்.

உன்
வைதேகி

பிளெய்ன்ஸ்பரோ
டிசம்பர் 11, 2025

அடி பைத்தியக்காரி,

உனக்குக் கொஞ்சமாவது யோசனை இருக்கிறதா? போலீஸில் திருட்டுப்போனதாகப் படத்தோடு எழுதிக் கொடுத்த நகை. அதே ரிப்போர்ட்டில் இருக்கிறது என் பெயர். அந்த நகையை என் வீட்டு விலாசத்துக்கே அனுப்பியிருக்கிறாய். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து என் மடியில் விட்டிருக்கிறாய். இந்த நேரத்தில் யாராவது கதவைத் தட்டியிருந்தால் நான் என்ன சொல்வேன்? அவளாகக் கொடுத்தாள் என்றா? யார் நம்புவார்கள்? நானே நம்ப மாட்டேன்.

பார்சலை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். யாழினிதான் எடுத்து வந்தாள், "வைதேகி ஆன்ட்டி சென்ட் ஸ்வீட்ஸ்!" என்று குதித்துக்கொண்டு. திறந்ததும் அவளை உள் அறைக்கு அனுப்பினேன். சபரி பார்த்துவிட்டு எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

பொய் சொல்ல மாட்டேன். அவர் வேலைக்குப் போனபின் கழுத்தில் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. பத்து வாரச் சம்பளம், வாடகை, லாயர் ஃபீஸ் எல்லாம் அதில் தொங்கியது. வைத்துக்கொண்டால்தான் என்ன, எடுக்காமலே திருடி என்று பெயர் வாங்கியாகிவிட்டதே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் எனக்கே என்மேல் பயம் வந்துவிட்டது. உடனே கழற்றி டப்பாவுக்குள் வைத்து மூடினேன்.

நேற்றே இன்ஷூர் பண்ணித் திருப்பி அனுப்பிவிட்டேன். ரசீதும் உன் கடிதங்கள் எல்லாமும் என்னிடம் இருக்கின்றன. பயமுறுத்துகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். எனக்கு மாலை வேண்டாம், உன் கண்ணீரும் வேண்டாம். எனக்குக் காகிதம் வேண்டும். பொங்கலுக்குள் வரவில்லையென்றால் இந்தக் கடிதங்களை லாயரிடம் கொடுத்துவிடுவேன். கொடுப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் கொடுப்பேன் என்று நினைத்துக்கொண்டு நீ முடிவெடு.

தாமரைச்செல்வி

ஃப்ரீமான்ட்
ஜனவரி 9, 2026

அன்புள்ள செல்வி,

போய்ச் சொல்லிவிட்டேன்.

ராம் ஆபீஸ் போன பிறகு, மாலையை ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டு தனியாகப் போனேன். போலீஸ் ஸ்டேஷன் கவுன்டரில் ஒரு பெண். ஒத்திகை பார்த்துக்கொண்டு போன இங்கிலீஷ் எல்லாம் மறந்து, "வீ ஃபவுண்ட் இட்" என்று மட்டும் சொன்னேன். அவள் சிரித்தாள். "குட் ஃபார் யூ" என்றாள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

அடுத்து இன்ஷூரன்ஸ் ஆளுக்குப் போன் பண்ணினேன். உன்னோடு பேசினவரே. என்னோடு ஆறு நிமிஷம் பேசினார், செல்வி. போனில் நேரம் தெரிகிறதே, பார்த்தேன். அரிசி டிரம் கதையைக் கேட்டு ஹாஹாவென்று சிரித்தார். தன் மாமியார் மோதிரத்தை ஃப்ரீசரில் வைத்து மறந்த கதையைச் சொன்னார். எப்போது கிடைத்தது என்று கேட்டார். நேற்று என்றேன். ஆமாம், பொய் சொன்னேன். வாயிலிருந்து அதுபாட்டுக்கு வந்துவிட்டது. நவம்பரிலிருந்து வைத்திருந்தேன் என்று சொல்லத்தான் போனேன். அவர் "ஆனஸ்ட் மிஸ்டேக், மேம்" என்று தானே ஒரு பெயரும் கொடுத்துவிட்டார். பணத்தை ஆறு தவணையில் கட்டினால் போதுமாம். ராமுடைய சம்பளத்தை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

உன் விஷயத்தைச் சொன்னேன், ஒருத்திக்கு வேலை போய்விட்டது என்று. "ஓ, ஷி வாஸ் நெவர் எ சஸ்பெக்ட். ஜஸ்ட் எ நேம் ஆன் தி லிஸ்ட்" என்றார். அதை எழுத்தில் கொடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். கொடுத்தார்கள். கம்பெனி தாளில், கையெழுத்தோடு, தாமரைச்செல்வி சபரிநாதனுக்கும் இந்த விஷயத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று. இதோடு வைத்திருக்கிறேன்.

ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்து காரில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். யாராவது என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இத்தனை மாதம் நான் பயந்து செத்தது எதற்காக என்றே தெரியவில்லை. ராம் என்னோடு பேசுவதில்லை. யெசெனியாவுக்குப் போன் பண்ணிப் பார்த்தேன். அந்த நம்பர் இப்போது இல்லை என்று வருகிறது. பக்கத்து ஊரான ஹேவர்டில் இருந்தாள், அவ்வளவுதான் தெரியும்.

என்னை மன்னித்தேன் என்று எழுத வேண்டாம். ஏதாவது எழுது.

உன்
வைதேகி

பிளெய்ன்ஸ்பரோ
ஜனவரி 22, 2026

வைதேகி,

காகிதம் வந்து சேர்ந்தது. லாயர் பார்த்தார், இது போதும் என்றார். டேகேரில் டைரக்டர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், அவருக்குக் கண்ணில் தண்ணீர். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன். டீச்சர்கள் பர்ஸ் வைக்கும் அலமாரிக்குப் புதிதாகப் பூட்டு வந்திருக்கிறது. சாவி எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்கள், எனக்கும்தான். சபரி டெலிவரி ஓட்டுவதை விட்டுவிட்டார். நன்றாகத் தூங்குகிறார்.

உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். தீர்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. காகிதத்தைப் பார்க்கும்போது தீர்ந்த மாதிரி இருக்கிறது, அந்தப் பூட்டைப் பார்த்தால் திரும்ப வருகிறது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ பொய் சொன்னதை எனக்கு எழுதினாய், அதனால் நானும் எழுதுகிறேன். அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து யெசெனியாவோடு நான்தான் இருந்தேன். முந்தைய நாள் பாத்திரம் எல்லாம் அவளும் நானும்தான் தேய்த்தோம். பூஜை ரூம் பக்கம் போக வேண்டாம் என்று நீ அவளிடம் சொல்லச் சொன்னாய், நான் கை ஜாடையில் சொன்னேன். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மத்தியானம் மிச்சமிருந்த கொழுக்கட்டையை இரண்டு பேரும் அடுப்படியில் நின்றுகொண்டே தின்றோம். தன் மகளுக்கு நாலு வேண்டும் என்று கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, நாலு மணிக்கு என் கண் முன்னால் பஸ்ஸுக்குப் போனாள். நாம் ஆரத்தி எடுத்தது அவள் போன பிறகு. அம்மன் கழுத்தில் மாலை அப்போதும் இருந்தது.

இதெல்லாம் தெரிந்துதான் உனக்கு ஆகஸ்டில் அவளைக் கேள் என்று எழுதினேன். யோசித்து எழுதவில்லை. உன் கடிதத்தைப் படித்த எரிச்சலில், என்னை விட்டுவிடு என்பதற்குப் பதிலாக அந்த வரி வந்தது. எழுதி, ஒட்டி, தபாலில் போடும்வரை ஒன்றும் தோன்றவில்லை. ஐந்து மாதமாக ஏழை சொல், பணக்காரர் சொல் என்று உனக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு என்ன கெடுதல் செய்தாள்? ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

நீ வாங்கி அனுப்பிய காகிதத்தில் என் பெயர் மட்டும் இருக்கிறது. யெசெனியாவின் பெயர் இல்லை. மூன்று நகல் எடுத்து, லாயருக்கு ஒன்று, டேகேருக்கு ஒன்று கொடுத்த பிறகுதான் அதைக் கவனித்தேன். அவளுக்கும் ஒன்று கேட்டு வாங்கு என்று நான் உனக்கு ஒரு கடிதத்திலும் எழுதவில்லை.

செல்வி